சுண்டுவின் கடை

"தட்டை வழிச்சு நக்கிட்டா சகலை. கழுவக்கூட வேண்டாம், அப்படியே அடுக்கிடலாம் போல."

போனில் பேசியது லிஃப்ட்காரனின் சகலை, அவன் மனைவியின் அக்காள் கணவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவன் அப்போது ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கடைசி மாடியில், லிஃப்ட் கதவைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். "நல்லது சகலை" என்று சொல்லிப் போனை வைத்தான். வைத்ததும் வயிற்றுக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. பசி என்று நினைத்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் போட்டான். பசி இல்லை. மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். கையில் பிடித்த நட்டு நழுவி நழுவி விழுந்தது.

அது பொறாமை என்று புரியச் சாயங்காலம் ஆயிற்று. புரிந்தபோது கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருந்தது. மனைவி போனதிலிருந்து அவனுக்கு எதுவும் உறைத்ததில்லை. அவளை எடுத்துக்கொண்டு போனபோது அழவில்லை. வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று அவன் காதுபடவே சொன்னார்கள். கல்லென்றால் பரவாயில்லை, கல்லுக்குக் கனம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்றான். அவள் புடவைகளை எடுத்துக்கொள்ளலாமா, சரி. அவள் செடிகளைக் கொடுத்துவிடலாமா, சரி. சாப்பிடுகிறாயா, சரி. சாப்பிட்டது போதுமா, அதற்கும் சரி.

இப்போது எட்டு மாதம் கழித்து, மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள் என்று கேட்டு வயிறு எரிகிறது.

சுண்டு அவன் மகள். வயது ஆறு. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாள் என்று அம்மா வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. நாலு வயதில் அவளுக்குச் சர்க்கரை வந்தது. பெரியவர்களுக்கு வருவது போலல்ல. மாத்திரைக்கு அடங்காது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும், எவ்வளவு சாப்பிடப் போகிறாளோ அந்த அளவுக்குப் போட வேண்டும். ஆகவே சோறு, கிழங்கு, ரொட்டி, பட்டாணி எதுவானாலும் தராசில் ஏறித்தான் தட்டுக்கு வரும். எடை பார்த்து, கணக்குப் போட்டு, ஊசியும் போட்டபிறகு தட்டில் உள்ளது அத்தனையும் வயிற்றுக்குள் போயாக வேண்டும். பாதியில் எழுந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், விட்டால் மயக்கம்தான்.

தராசு அவன் மனைவி வாங்கியது. ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும். மேலே கண்ணாடி, ஓரத்தில் எண் ஒளிரும் சின்னத் திரை. நீலப் பீங்கான் தட்டை அதன்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினால், தட்டின் எடையை விழுங்கிவிட்டுப் பூஜ்ஜியம் காட்டும். தட்டு அங்கேதான் இருக்கும், கனமும் அங்கேதான் இருக்கும், எண் மட்டும் பூஜ்ஜியம். இந்த எட்டு மாதமும் லிஃப்ட்காரன் அப்படித்தான் இருந்தான்.

மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் சுண்டு நேரே பெரியம்மா வீட்டுக்குப் போவாள். பெரியம்மா, லிஃப்ட்காரன் அண்ணி என்று கூப்பிடும் மனைவியின் அக்காள், தையல்காரி; கழுத்தில் டேப்போடே பிறந்தவள் போல இருப்பாள். மதியச் சாப்பாடும் ஊசியும் அவள் பொறுப்பு. காலையும் இரவும் இவன் பொறுப்பு. இரண்டு வீட்டுக்கும் தராசு ஒன்றுதான். தினமும் காலையில் அதை மனைவியின் பூத்துண்டில் சுற்றி, நீலத் தட்டோடு சேர்த்து, சுண்டுவின் பையில் வைத்து அனுப்புவான். "இன்னொண்ணு வாங்கிப் போட்டுடலாமே சகலை, தராசுக்குப் பஞ்சமா" என்று சகலை கேட்டார். அவன் சரி சொல்லாத ஒரே விஷயம் அது. "வேண்டாம், இதே இருக்கட்டும்" என்றான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

காலையில் ஒரு ரொட்டியும் முட்டையும், பள்ளி வண்டியின் அவசரத்தில் எப்படியோ உள்ளே போய்விடும். இரவுச் சாப்பாடுதான் போர். அவன் பிசகில்லாமல் எடை போடுவான். லிஃப்ட்காரன் அல்லவா, அளவில் தப்பு வராது. ஊசியும் வலிக்காமல் போடுவான். சுண்டு நாலு வாய் தின்பாள். பிறகு சோற்றில் ரோடு போடுவாள். பட்டாணியை ரோட்டோரம் மரமாக நடுவாள்.

"சாப்பிடு சுண்டு."

"ம்."

"ஊசி போட்டாச்சு இல்ல, முடிச்சாகணும்."

"தெரியும்."

தெரியும் என்பாள், தின்னமாட்டாள். கடைசியில் அவன் ஜூஸ் டம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்னால் அலைய வேண்டியிருக்கும். ஜூஸ் போனால் சர்க்கரை எண் எகிறும். போகாவிட்டால் இறங்கும். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். கடைசி மாடியில் உட்கார்ந்து அவன் மறந்தாலும் அது மறக்காது.

போன பரிசோதனையில் டாக்டரம்மா அந்த மீட்டரைத் திரையில் போட்டுப் பார்த்தாள். "மதியம் அழகா இருக்கு. யாரு பார்த்துக்கறாங்க?"

"நான்தான்" என்றாள் அண்ணி. அவளும் கூட வந்திருந்தாள்.

"ராத்திரி?"

லிஃப்ட்காரன் கையைத் தூக்கினான், வகுப்பில் தூக்குவது போல. டாக்டரம்மா மீட்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருக்கலாம்.

அன்று திரும்பி வரும் வழியில்தான் சகலை பேச்செடுத்தார். தப்பாக நினைக்க வேண்டாம் என்று தொடங்கினார். "அடுத்த டேர்ம்லேர்ந்து பாப்பா எங்களோடயே இருக்கட்டுமே. எங்க பசங்க ரெண்டு தடியனுங்களும் ஹாஸ்டலுக்குப் போயிட்டானுங்க, ரூம் காலியாத்தான் கிடக்கு. நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க, போங்க. வேலைக்கும் நிம்மதியா போவீங்க."

"பார்க்கலாம்" என்றான். அவனுடைய பாஷையில் அது சரிக்குத் தம்பி.

"அடுத்த செக்கப்ல எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம் தம்பி" என்றாள் அண்ணி. "ஒண்ணும் அவசரமில்ல." ஆனால் அவள் கண் சுண்டுவின் முடி எவ்வளவு நீளம், எப்படிப் பின்னலாம் என்று அளவெடுத்துக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அவனுக்கு எதைக் கேட்டாலும் புகைந்தது. சுண்டு புது ரிப்பனோடு வந்தால் புகைந்தது. "பெரியம்மா வீட்டுல பட்டாணி இனிக்கும்" என்றாள்; இவன் வாங்கிய அதே கடைப் பட்டாணிதான். "பெரியப்பா யானை மாதிரி தும்முவாரு" என்று சொல்லி அவள் சிரித்ததற்குக்கூடப் பொறாமைப்பட்டான். அவனுக்குத் தும்மல் சின்னதாகத்தான் வரும்.

என்னதான் மந்திரம் போடுகிறாள் அண்ணி? இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது போலிருந்தது. பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மதியம், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணி வீட்டுக்குப் போனான். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினான். திருடன் மாதிரிச் சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, தையல் அறை ஜன்னலோரம் நின்றான்.

துணி வெட்டும் மேசையின்மேல் சுண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தராசு, நீலத் தட்டு, சோற்றுப் பாத்திரம். கீழே அண்ணி, கையில் ஒரு காலிப் பையோடு, சந்தைக்கு வந்தவள் மாதிரி நின்றாள்.

"நூத்திப்பத்து கிராம் சோறு" என்றாள் சுண்டு. "சூடா இருக்கு. வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா நகரு, பின்னாடி ஆள் நிக்குது."

"எவ்வளவும்மா?"

"ஆயிரம்."

"அடிப்பாவி. அடுத்த கடையில பத்துக்குத் தர்றான்."

"அங்கயே போ. அவன் சோத்துல கல்லு."

"அம்பதுன்னு போட்டுக் குடு தாயி. வீட்டுல ரெண்டு புள்ளைங்க பட்டினி கிடக்குதுங்க."

"ரெண்டும் தடியனுங்க. ஹாஸ்டல்ல நல்லா தின்னுதுங்கன்னு பெரியப்பாவே சொன்னாரு."

"என்னை ஏன்டி இழுக்கிற?" என்று உள்ளேயிருந்து சகலையின் குரல் வந்தது.

பேரம் ஏறிக்கொண்டே போனது. அந்தக் களேபரத்திலேயே அண்ணி ஊசியைப் போட்டு முடித்தாள். சுண்டு விலையை ஏற்றுகிற மும்முரத்தில் குத்தியதைக் கவனிக்கக்கூட இல்லை. கடைசியில், "உனக்குக் கட்டுப்படி ஆகாதும்மா. கடை மூடியாச்சு. நானே தின்னுக்கறேன்" என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வாய் போட்டாள், வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

"ஒரு வாய் குடும்மா."

"ம்ஹூம்."

"ஒரு பட்டாணியாவது. வயிறு எரியுதுடி."

"எரியட்டும்." இன்னொரு வாய். அண்ணி நாக்கைச் சப்புக்கொட்டினாள், எச்சில் விழுங்கினாள், மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சுண்டு தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு பருக்கைகூட அவளுக்குக் கிடைத்துவிடக் கூடாதென்று தின்றாள். தின்று முடித்துத் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள். பிறகு பெருந்தன்மையாக ஒரு வெள்ளரித் துண்டை எடுத்து, "இந்தா கொசுறு" என்று அண்ணி வாயில் வைத்தாள். வெள்ளரிக்கு எடையும் கிடையாது, கணக்கும் கிடையாது.

"அம்மா இன்னும் சூப்பரா கெஞ்சும்" என்றாள் சுண்டு. "அம்மாவுக்கு அழுகையே வந்துடும். நீ சுமார்தான்."

அண்ணி வெள்ளரியை மென்றபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கம்மா கெட்டிக்காரி" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே லிஃப்ட்காரன் அப்படியே நின்றான். அப்படியானால் இது அண்ணியின் மந்திரம் இல்லை. அவன் வீட்டிலேயே, அவன் சமையலறையிலேயே, ஒன்றரை வருஷம் நடந்த கடை. அவன் வீடு திரும்பும்போது தட்டு கழுவிக் கவிழ்ந்திருக்கும். சாப்பிட்டாளா என்று கேட்பான், சாப்பிட்டாள் என்பாள் மனைவி, அவ்வளவுதான். எப்படி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவனைத் தவிர எல்லோரும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு பேர்மீது ஒரே சமயத்தில் வயிறு எரிந்தது. அதில் ஒருத்தி உயிரோடு இல்லை என்பது பொறாமைக்குத் தெரியவில்லை.

உள்ளே போகாமல், வந்த வழியே திரும்பினான்.

அன்று இரவு தட்டைத் தராசில் வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடை திறந்தாச்சா?" என்றான்.

சுண்டு சந்தேகமாகப் பார்த்தாள். "எந்தக் கடை?"

"சோத்துக் கடை."

"யாரு சொன்னா?"

"யாரோ. சோறு என்ன விலை?"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "ஆயிரம்" என்றாள்.

"சரி."

அவள் முகம் விழுந்தது. "சரின்னு சொல்லக் கூடாது."

"அப்ப தொள்ளாயிரம்."

"தர மாட்டேன், போ."

"சரி" என்றான். வாயிலேயே ஊறிப்போன சொல், தானாக வந்து விழுந்தது.

சுண்டு கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம்கூட இல்லை அவளுக்கு. தெரியாதவனுக்கு வழி சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்: "அப்பா, உனக்கு வாங்கத் தெரியல. உனக்கு வேணும்னே இல்ல." அன்றைக்குச் சோற்றில் நான்கு வழிச்சாலை போட்டாள். ஜூஸ் டம்ளர், துரத்தல், எகிறிய எண்.

மறுநாள் காலை அவன் அதைச் செய்தான். பூத்துண்டில் தராசைச் சுற்றியவன், அதைச் சுண்டுவின் பையில் வைக்காமல் தன் கருவிப் பைக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் வைத்தான். ஒரு நாள், ஒரே ஒரு மதியம் எண் தாறுமாறாக வரட்டும். நாளைக்கு டாக்டரம்மா திரையில் பார்க்கட்டும். அண்ணி கை ஒன்றும் தங்கத்தில் செய்தது இல்லை என்று எல்லோருக்கும் தெரியட்டும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நினைக்கவில்லை.

"அப்பா, பை லேசா இருக்கு" என்றாள் சுண்டு, தோளில் மாட்டிக் குதித்துப் பார்த்து.

"புத்தகம் ஒண்ணு குறைச்சுட்டேன்."

"ஐ" என்றாள் சந்தோஷமாக.

அதே பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் அன்று பாரம் பார்க்கும் வேலை. ஆள் ஏறினால் எவ்வளவு எடை என்று லிஃப்டுக்குத் தெரிய வேண்டும். அளவுக்கு மீறினால் கதவை மூடாமல் மணியடிக்க வேண்டும். இரும்புக் கட்டிகளை உள்ளே அடுக்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் நெருங்கும்போது கட்டடத்துக் காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு மாடிப்படியில் நோயாளிகளிடம் திட்டு வாங்கி அலுத்துவிட்டது.

"இன்னும் எவ்வளவு நேரம் சார்? தோராயமா ஒரு ஆறு பேர் ஏறலாம்னு விட்டுடுங்களேன். பல்லு வலியோட நிக்கறாங்க."

"தோராயமால்லாம் ஆள் ஏத்த முடியாதுங்க" என்றான். "தப்பா எடை போட்டா உசுரு போயிடும்."

சொன்னவன் கையில் பிடித்த இரும்புக் கட்டியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன சார், முதுகு பிடிச்சுக்கிச்சா?" என்றார் காவலாளி.

லிஃப்ட் கூண்டுக்குள் போனில் சிக்னல் வராது. வெளியே ஓடி வந்து பார்த்தான். எடுக்காத அழைப்புகள்: அண்ணி, சகலை, அண்ணி, அண்ணி. திருப்பி அடித்தான், யாரும் எடுக்கவில்லை. லிஃப்டைப் பூட்டிச் சாவியைக் காவலாளி கையில் திணித்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். வழியெல்லாம் ஒரே காட்சிதான் கண்முன் வந்தது. அண்ணி கண்ணளவில் சோற்றைப் போடுகிறாள், கண்ணளவில் ஊசியைப் போடுகிறாள், சுண்டு மேசைமேல் சாய்கிறாள். ஹேண்டிலில் கை வழுக்கியது. அவனுக்கு வியர்த்திருந்தது.

அண்ணி வீடு திறந்து கிடந்தது. தையல் மெஷினில் பாதி தைத்த துணி. சமையலறையில் மூடாத சோற்றுப் பாத்திரம். ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? வெளியே ஓடி வந்தபோதுதான் தெருமுனை மளிகைக் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல்லா மேசைமேல் சுண்டு உட்கார்ந்திருந்தாள். அரிசி நிறுக்கும் பெரிய தராசில் நீலத் தட்டு. சுற்றிலும் சாமான் வாங்க வந்த நாலைந்து பேர். சகலை சோற்றுக் கரண்டியோடு பயபக்தியாக நின்றார்.

"அஞ்சு அஞ்சு கிராமாத்தான் காட்டும் பாப்பா" என்றார் மளிகைக்காரர்.

"என் மெஷின் ஒண்ணு ஒண்ணா காட்டும். உங்க மெஷின் மக்கு."

"இருபது வருஷமா இதுல வியாபாரம் பண்றேன், இது வரைக்கும் ஒருத்தரும் திட்டினதில்ல."

"பெரியப்பா, ரெண்டு பருக்கை எடு. ஆங், போதும்."

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பேனா மாதிரி இருக்கும் ஊசியை மூடி கழற்றாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைப் பார்த்ததும் மூச்சு விட்டாள். "வந்துட்டீங்களா தம்பி. மெஷினைக் காணோம். பையில இல்ல, வண்டியில எங்கேயோ விழுந்துடுச்சு போல. எடை தெரியாம ஊசி போட மனசு வரல. அதான் இங்க தூக்கிட்டு வந்தோம். புள்ளை பசியில இருக்கு."

அவன் வாயைத் திறக்குமுன் சுண்டு அவன் தோளிலிருந்த பையைத் திறந்துவிட்டாள். அவனைப் பார்த்தால் அவள் முதலில் செய்வது அதுதான். உள்ளே டார்ச் இருக்கும், அதை அடித்துப் பார்ப்பாள். டார்ச்சைத் தேடிய கையில் பூத்துண்டு வந்தது.

"இதோ இருக்கு" என்றாள்.

மளிகைக்காரர் கல்லாவைத் துடைக்கத் தொடங்கினார். சகலைக்கு நல்ல மனசு. "அட, பை மாறிப்போச்சா சகலை?" என்றார். "அவசரத்துல நானே ஒரு நாள் பொண்டாட்டி செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனவன்தானே."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். லிஃப்ட்காரன் அண்ணியின் கையிலிருந்த ஊசிப் பேனாவைப் பார்த்தான்.

"மாறல" என்றான். "நான்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"அப்பா, கடையைத் திருடிட்டியா?" என்றாள் சுண்டு. குரலில் பாதி அதிர்ச்சி, பாதி மரியாதை.

"ஆமா."

அங்கேயே சின்னத் தராசில் மறுபடி எடை போட்டு, ஊசி போட்டு, சுண்டுவை வீட்டுக்குத் தூக்கிவந்து சாப்பிட வைத்தார்கள். சகலைதான் கெஞ்சினார். அண்ணி தையல் அறைக்குள் போனாள். அவனும் பின்னால் போனான். அவள் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட வேண்டிய துணியை வெட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி?"

"நீங்க தடுமாறணும்னு."

"எதுக்கு?"

"என்கிட்ட சாப்பிட மாட்டேங்கறா. உங்ககிட்ட வழிச்சு நக்கறா. வயிறு எரிஞ்சுது."

"நான்பாட்டுக்குக் குத்துமதிப்பா ஊசியைப் போட்டிருந்தா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதானே எடுத்தீங்க."

"வழியிலதான் தெரிஞ்சுது."

அண்ணி கத்தரிக்கோலை டக்கென்று மேசைமேல் வைத்தாள். "பாப்பாவை நாங்க வெச்சுக்கறோம்னு சொன்னப்பவே வாயைத் திறந்து முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. பார்க்கலாம் பார்க்கலாம்னீங்க. எங்களுக்கென்ன ஜோசியமா தெரியும்? உங்களுக்குப் பாரமா இருக்குபோலன்னு நினைச்சேன். எதைக் கேட்டாலும் சரிங்கற ஆளு."

"முடியாது."

"என்ன?"

"குடுக்க முடியாது அண்ணி. அவ என்கிட்டதான் இருப்பா."

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள், புதுத் துணியைப் பார்ப்பது போல. "இதைச் சொல்ல எட்டு மாசம் ஆச்சா?" என்றாள். பிறகு குரல் இறுகியது. "சரி. ஆனா இன்னிக்கு நீங்க பண்ணது சின்ன விஷயம் இல்ல. இதை நான் மறக்க மாட்டேன். இனிமே ராத்திரிச் சாப்பாடு ஒழுங்கா உள்ள போகணும். இல்லன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன், உங்களைக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். இன்னிக்குச் சாப்பிட்டதும் போன் பண்ணுங்க."

இரவு வீட்டுச் சமையலறையில் சுண்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். தட்டை வைத்தாள், பூஜ்ஜியம் செய்தாள், சோறு போட்டாள், பட்டாணி போட்டாள். அவன் கணக்குப் பார்த்து ஊசியைக் கையில் எடுத்தான்.

"என்ன விலை?" என்றான்.

"திருடனுக்கு விக்கறதில்ல."

"காசு தர்றேன்."

"காசும் திருட்டுக் காசுதான்."

அவள் கையை நீட்டினாள், ஊசி போட்டான். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் தின்னவில்லை. கரண்டி சோற்றில் ஒரு கோடு இழுத்தது. ரோடு.

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சோற்றிலிருந்து ஆவி வந்தது. மனைவி கெஞ்சினாளாம், அழுகையே வருமாம். இதே இடத்தில் நின்றுகொண்டுதான் கெஞ்சியிருப்பாள்.

"ஒரு வாய் குடு" என்றான்.

"ம்ஹூம்."

"காலையிலேர்ந்து சாப்பிடல."

"திருடப் போனா அப்படித்தான்."

"பெரியம்மா வந்தா மட்டும் ஆயிரம், பத்துன்னு நல்லா பேசுற. வெள்ளரிக்காய் ஊட்டி விடுற. உங்கம்மாகிட்டயும் இப்படித்தான் பேசியிருக்க. என்கிட்ட மட்டும் ரோடு போடுற." குரல் எங்கோ தப்பிப் போனது. அவன் விளையாடவில்லை. "எனக்கும்தான் வேணும். எனக்கு மட்டும் ஏன் கிடையாது?"

சுண்டு நிமிர்ந்தாள். கண் பளபளத்தது. ஒரு பெரிய வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"வயிறு எரியுதா?"

"எரியுது."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"எரியட்டும்" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். அவன் மேசையைச் சுற்றி வந்தான். அவள் தட்டைத் திருப்பினாள். பட்டாணிமேல் கை நீட்டினான். புறங்கையில் கரண்டியால் ஒன்று போட்டாள். வலித்தது. கடைசிப் பட்டாணியை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். தட்டைக் கவிழ்த்தாள். எதுவும் விழவில்லை.

பிறகு வெள்ளரியில் ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்தாள். "இந்தா கொசுறு. திருடனா இருந்தாலும் போகட்டும்."

காம்புப் பக்கத்துத் துண்டு. நல்ல கசப்பு. மெதுவாக மென்றான்.

"இன்னொண்ணு?" என்றான்.

"கடை மூடியாச்சு."

போனை எடுத்தான். முதல் மணியிலேயே அண்ணி எடுத்தாள். பின்னால் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதும் கேட்டது.

"வழிச்சு நக்கிட்டா அண்ணி."

"முழுசாவா?"

"ஒரு பட்டாணிகூட மிச்சமில்ல. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துட்டேன், ஒரு வாய் தரல."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "நல்லது தம்பி" என்றாள் அண்ணி.

அந்த 'நல்லது' அவனுக்கு நன்றாகத் தெரிந்த 'நல்லது'. கடைசி மாடியில், கதவில்லாத லிஃப்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் சொன்னது. அவளுக்கும் இப்போது பசி போலத்தான் இருக்கும்.

"நாளைக்கு செக்கப் முடிஞ்சதும் மதியம் உங்க பக்கம்தான் கடை" என்றான்.

"மெஷினை மறக்காம அனுப்புங்க" என்றாள் அவள்.